உலைக்குப் பின்னால் காய்ந்த துணி

வாசிக்கின்ற ஐயா, அம்மா, தீர்ப்புச் சொல்ல உங்களை நான் அழைக்கவில்லை. சாட்சியாக நிற்க அழைக்கிறேன். நான் சொல்லப்போகும் காரியம் ஒரே மழைக்காலத்துக்குள் நடந்து முடிந்தது. அதில் ஒரு பெண், தன் கைக்குழந்தையை நனையாமல் கிடத்தி வைத்திருந்த ஒரே இடத்தை இழந்தாள். இழக்கச் செய்தவன் நான். மேடையில் பழகியவன் தன் கட்சிக்கு வேண்டியதை முன்னே நிறுத்தி, வேண்டாததைப் பின்னே தள்ளுவான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படி நான் எதையாவது எங்காவது தள்ளினால் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு அதுவே வேலை.

இலங்கையில், பதுளைக்குப் பக்கத்து நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் இரண்டாவது மகனாகிய நான், இங்கிலீஷ் படித்திருந்த ஒரே தகுதியால் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கப்பிள்ளை ஆனேன். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். மலையிலிருந்து வரும் கொழுந்தை நிறுத்து எழுதுவது என் வேலை. பெரிய துரை சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் என் வேலை. துரைக்குத் தமிழ் தெரியும் என்பார்கள். கட்டளையிடும் அளவுக்குத் தெரியும். பதில் கேட்கும் அளவுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பதுளையில் வாலிபர்கள் கூடி விவாதம் நடத்துகிற சபை ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் நடந்தே போய் அதில் பேசுவேன். மழை சிறந்ததா, வெயில் சிறந்ததா என்று அந்த மாசியில் ஒரு விவாதம் வைத்தார்கள். மழையின் கட்சியை எடுத்து ஒரு மணி நேரம் பேசி வென்றேன். கழுத்தில் விழுந்த மாலையோடு நல்ல வெயிலில் தோட்டத்துக்குத் திரும்பினேன். அன்று நான் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதை அந்த ஐப்பசி எனக்குக் காட்டியது.

அவ்வருஷம் பெய்ததை மழை என்று சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை. மழை என்றால் வரும், போகும். இது வந்து குடியேறியது. மலை உச்சியிலிருந்து மேகம் இறங்கி எங்கள் வாசலில் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் பெய்தது. காலையில் தூறல், மதியத்தில் அடைமழை, மாலையில் மறுபடி தூறல். தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சணம் பூத்தது. உப்புச் சட்டியில் உப்புக்குப் பதிலாகத் தண்ணீர் நின்றது. ஸ்டோருக்கு மேலே எனக்குக் கொடுத்திருந்த வீட்டுக்குத் தகரக் கூரை. அதன் மேல் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். என் மனைவியும் நானும் அந்த இரண்டு மாதமும் கத்தியே குடித்தனம் நடத்தினோம். சோறு போடவா என்ற கேள்விகூடச் சண்டையாகவே காதில் விழுந்தது. கொஞ்ச நாளில், இரைச்சல் ஓய்ந்த நேரத்திலும் கத்தப் பழகிவிட்டோம்.

மகனுக்கு மூன்று வயது நிறையவில்லை. மகளுக்கு ஐந்து மாதம். மூன்று வயதுப் பிள்ளையை நாற்பது நாள் ஓர் அறைக்குள் அடைத்து வைத்துப் பாருங்கள். சுவரில் ஊறிக் கிடந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டித் தின்றான். தங்கையின் காலைக் கடித்தான். கதவு கொஞ்சம் திறந்தால் வெளியே ஓடுவான். பிடித்து வருவதற்குள் இரண்டு காலிலும் அட்டை தொங்கும். அவற்றைப் பிடுங்கி, இரத்தத்தைத் துடைத்து, துடைத்த துணியையும் சேர்த்து அலசிப் போடுவாள் அவன் தாய்.

எல்லாமே துணியில் போய் முடிந்தது. பழைய வேட்டிகளைக் கிழித்து எடுத்த குழந்தைத் துணிகள் இருபத்திரண்டு எங்கள் வீட்டில் இருந்தன. அவற்றில் காய்ந்தது என்று கைவைத்துச் சொல்லக்கூடியது எந்த நேரத்திலும் இரண்டுக்கு மேல் இருந்ததில்லை. ஒரு சட்டியில் தணலை வைத்து, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின்மேல் துணியைப் பரப்புவாள். பிள்ளை பெற்ற வீடுகளில் செய்வதைப்போலத் தணலில் ஒரு சிட்டிகைச் சாம்பிராணியும் போடுவாள். அவள் பிறந்த வீடும் பதுளைக் கடைத்தெருதான். சாம்பிராணி காட்டாத துணியைக் குழந்தைக்குக் கட்டுவது அவளுக்குத் தெரியாது. ஆனால் விறகே ஈரம். தணல் கொஞ்சம், புகை நிறைய. ஒரு பக்கம் காய்வதற்குள் மறு பக்கம் காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈரத்துணியில் கிடந்து கிடந்து குழந்தைக்கு மார்ச்சளி கட்டியது. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது.

மழையைத் திட்டிக்கொண்டே நான் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மனைவி ஈரத்துணிக் குவியலை என் முன்னே போட்டாள்.

"ஊருக்கெல்லாம் பேசுறீங்களே, இந்த மழைகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன். உங்க பேச்சைக் கேட்டு வெயில் வந்தா எனக்கும் மாலை வாங்கிப் போடத் தோணும்."

குறிப்புத் தாளை மடித்து வைத்தேன். அந்த ஞாயிறு பதுளைக்கும் போகவில்லை. வழியில் மண் சரிந்திருந்தது என்பதே உண்மைக் காரணம்.

அந்த வாரந்தான் துரையின் தடை வந்தது. தோட்டம் முழுவதிலும் உலர்ந்த சூடு இருந்த இடம் ஒன்றே ஒன்று. தேயிலையைக் காயவைக்கும் இயந்திரத்தின் உலை அது. ஸ்டோரில் வேலை செய்த லயத்துப் பெண்கள் சிலர், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளின் துணியை உலைக்குப் பக்கத்துக் கம்பியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரை அதைப் பார்த்துவிட்டார். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகையால் ஸ்டோருக்குள் இனி ஒரு துணியும் தொங்கக் கூடாது. இதை ஆட்களுக்கு நன்றாக விளங்கும்படி நான் சொல்ல வேண்டும் என்றார். நன்றாக என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் நான் பேசினேன். அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு ஆட்களை வரிசையாக நிறுத்துவதே பெரட்டு. தலையில் கறுப்புக் கம்பளியும் இடுப்பில் நனையாமல் இருக்கச் சுற்றிய படங்குச் சாக்குமாக இருநூறு பேர் தூறலில் நின்றார்கள். எனக்குப் பின்னால் நின்று ஒருவன் குடை பிடித்தான். ஒரு கைப்பிடித் தேயிலையைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்து மறுநாள் கொதிக்கவைத்தால் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, நம் எல்லோருடைய சோறும் அந்தத் தேயிலையின் வாசத்தில் இருக்கிறது என்று முடித்தேன். பதுளையில் பேசிய எந்தப் பேச்சும் அவ்வளவு நன்றாக அமைந்ததில்லை.

கூட்டம் கலையும்போது முன்வரிசையில் நின்ற ஒருத்தி, பக்கத்தில் நின்றவளிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "அப்ப நாம பெத்ததுங்கதான் கருவாடு."

அவள் ஸ்டோரில் சல்லடை அறையில் வேலை செய்தவள். என் மகளைவிட மூன்று மாதம் மூத்த ஆண் குழந்தை அவளுக்கு இருந்தது. லயத்தில் அவளுடைய காம்பரா, வரிசையின் கடைசி அறை. கூரை ஒழுகி, படுக்க இடமில்லாமல் போயிருந்தது. ஆகையால் ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் சாக்கை விரித்து, சல்லடை அறை மூலையில் குழந்தையைப் போட்டு வைத்துக்கொண்டே வேலை செய்தாள். துரை அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள் குழந்தை நனையாமல் தூங்கியது. தொடக்கத்தில் நான் சொன்ன இடம் அதுதான்.

தடை போட்ட மூன்றாம் நாள், என் மகள் பால் குடிக்க மறுத்தாள். இருமி இருமி முகம் கறுத்தது. அப்போதுதான் எனக்குள் ஒரு வாதம் உருவாயிற்று. நாற்றமே தேயிலையைக் கெடுக்கும். என் வீட்டுத் துணியோ சவர்க்காரம் போட்டுத் துவைத்தது, சாம்பிராணி காட்டியது. அதில் நாற்றம் இல்லை, நறுமணமே இருக்கிறது. ஆகவே தடை அதைத் தொடாது. எதிர்க்கட்சியில் யாராவது இருந்திருந்தால் இந்த வாதம் அரை நிமிடம் நின்றிருக்காது. எதிரே யாரும் இல்லை.

கூடையின்மேல் பாதி காய்ந்த துணிகளை எண்ணெய்ச்சீலைப் பையில் வைத்து எடுத்துப் போவேன். மதியம் சல்லடைப் பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், உலைக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத கம்பியில் விரிப்பேன். அவர்கள் திரும்புமுன் எடுத்துவிடுவேன். துரையிடம் கேட்டுக்கொண்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஒரு வாரத்தில் மகளின் மூச்சுச் சத்தம் குறைந்தது. சூடு மாறாத துணியை அவள் உடம்பில் சுற்றும்போது என் மனைவி இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கத்தாமல் பேசினாள். இதையும் சாட்சி குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒவ்வொரு காலையும் துரை வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்துப் புதுத் தேயிலையைச் சுவைத்துத் துப்புவது வழக்கம். எட்டாம் நாள், மூன்றாவது கோப்பையில் நின்றார். மறுபடி சுவைத்தார். ஏதோ வாசம் ஏறியிருக்கிறது என்றார். நேரே சல்லடை அறைக்குப் போனார். மூலையில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் குழந்தை இருந்தது. அவர் வேறு எதையும் தேடவில்லை. பெட்டி உடனே வெளியே போக வேண்டும், அவள் நாளை முதல் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் அதைத் தமிழில் அவளிடம் சொன்னேன். என் குரல் தடுமாறவில்லை. தடுமாறாமல் பேசத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "போறேங்க. இது ஒன்னுக்குப் போனா தேயிலைக்குச் சாம்பிராணி வாசம் வருமான்னு மட்டும் துரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்கய்யா."

காய்ந்த தூளைத் தினமும் சலித்தவள் அவள். துரையின் நாக்குக்கு முன்னே அவள் மூக்குக்கு என் வீட்டுச் சாம்பிராணி தெரிந்துவிட்டது. என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். மன்னிப்புக் கேட்கிறாள் என்றேன்.

அதற்குப் பிறகும் நான் துணி கொண்டுபோவதை நிறுத்தவில்லை. இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். இருமல் திரும்பி வந்தது. மறுபடி பையை எடுத்தேன். இந்த இடத்தில் தகப்பன் என்ற சொல்லை முன்னே நிறுத்திப் பேசினால் எந்தச் சபையும் எனக்கு இரங்கும் என்று அறிவேன். ஆனால் மேல்மலையில் கம்பளியோடு குனிந்து பறித்தவளுக்கும் பிள்ளை இருந்தது. ஒழுகும் காம்பராவில், லயத்துப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவியின் காலடியில் அது கிடந்தது. மதியத்தில் தாய் மலையிலிருந்து ஓடி இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறிப் போவாள். அவள் இறங்குவதை ஸ்டோர் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். நான் துணி விரிக்கும் நேரமும் அதே நேரந்தான். அந்த ஜன்னலைக் கடக்கும்போது அவள் தலையைத் திருப்பியதே இல்லை. அதற்காக அவளை வெறுத்தேன்.

என் மனைவிக்கு உண்மை தெரிந்தது பீலிக்கரையில். மலையூற்றுத் தண்ணீர் மூங்கில் குழாயில் விழுகிற இடம் அது. அவள் போனதும் அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி அவள் கூடையிலிருந்து ஒரு குழந்தைத் துணியை எடுத்து மோந்து பார்த்து, மடித்துத் திரும்ப வைத்து, வாசமா இருக்கும்மா என்று மட்டும் சொன்னாளாம். அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. சல்லடைக்காரியை எந்த வாசத்துக்காக மேல்மலைக்கு அனுப்பினார்கள் என்பது என் மனைவிக்கு அப்போது விளங்கியது; துவைக்காமலே திரும்பி வந்தாள்.

இந்தத் துணியெல்லாம் எங்கே காய்ந்தது என்று கேட்டாள். நான் நாற்றத்துக்கும் நறுமணத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கினேன்.

"என்கிட்ட விவாதம் வேணாங்க. அந்தப் பிள்ளை படுத்திருந்த பெட்டி இப்ப எங்க?"

வெளியே, ஸ்டோர் சுவரோரம், மழையில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து நம் அடுப்படியில் வைக்க வேண்டும், பகலில் அந்தப் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வேன் என்றாள். லயத்துப் பிள்ளையை நம் வீட்டு அடுப்படியிலா என்று கேட்டேன். என் அப்பாவுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் தண்ணீர் குடிப்பாரா என்றும் கேட்டேன். சமூக சீர்திருத்தம் குறித்து நான் அதே சபையில் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

"அவ சலிச்ச தேயிலையைத்தானே உங்க அப்பா காலையில எழுந்ததும் குடிக்கிறாரு? அப்ப தீட்டு இல்லையா?"

அன்று முதல் அவள் எந்தத் துணியையும் என்னிடம் தரவில்லை. தன் புடவை முந்தானையைக் கிழித்து மகளுக்குச் சுற்றினாள். மழை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்விடுவேன் என்றாள். மழை விடுவதாக இல்லை. அதுவும் எனக்குச் சாதகமாக ஆகவில்லை; ஒரே அறையில் அவள் மௌனத்தோடு அடைபட்டுக் கிடந்தேன்.

ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. தேயிலையில் கோவிலில் புகைப்பதைப் போன்ற ஏதோ வாசம் ஏறியிருக்கிறது என்று வாங்குகிறவர்கள் எழுதியிருந்தார்கள். மறுநாள் பெரட்டில் துரை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டோருக்குள் புகை போட்டது யார் என்று ஆட்களிடம் கேட்கும்படி என்னை முன்னே நிறுத்தினார். நான் கேட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்களை மேய்க்கும் கங்காணிகள் மட்டும் கீழே பார்த்து நின்றார்கள். நான் மறுபடி, இன்னும் உரத்துக் கேட்டேன்.

மேல்மலைப் பெண்களின் வரிசையிலிருந்து அந்தச் சல்லடைக்காரி ஓரடி முன்னே வந்தாள். இடுப்பில் குழந்தை இருந்தது. அதன் தலையைக் கம்பளி ஓரத்தால் மூடியிருந்தாள். குழந்தையின் மூச்சு, நான் நின்ற இடம் வரை கேட்டது. என் மகளின் மார்பில் கேட்ட அதே கிழிகிற சத்தம்.

"எங்க லயத்துல சாம்பிராணி வாங்குறவ யாருன்னு நீங்களே சொல்லுங்கய்யா. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

ஐயா, அம்மா, இந்த இடத்துக்காகவே உங்களை அழைத்தேன். அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் மூன்று பொய்கள் என் நாக்குக்கு வந்தன; மூன்றும் நன்றாக அமைந்தவை; மூன்றையும் துரை நம்பியிருப்பார். நான் நல்லவன் என்பதால் அவற்றை விடவில்லை. அந்த மூச்சுச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்ததால், எந்த வாக்கியத்தையும் முழுதாகக் கட்ட முடியவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொன்னேன். பிறகு, அந்தத் துணி என் வீட்டுத் துணி, விரித்தவன் நான், முன்பு அவள் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னதும் பொய் என்றேன்.

துரை கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருந்திருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்பேன். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதைக் கண்டேன். அவள் சல்லடைக்குத் திரும்பலாம் என்றார். பெட்டி திரும்பி வருமா என்று கேட்டேன். ஸ்டோருக்குள் இனி எந்தக் குழந்தையும் வரக் கூடாது என்றார். இரண்டாம் தடவை தம்மிடம் அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லி, குதிரை நின்ற பக்கம் நடந்தார்.

ஆக, நான் ஒப்புக்கொண்டதால் அவளுக்குச் சல்லடை வேலை திரும்பக் கிடைத்தது. குழந்தைக்கு உலர்ந்த இடம் கிடைக்கவில்லை. அதைத் தமிழில் சொன்னேன்; அவள் கேட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாக எண்ண வேண்டாம். பெரட்டுக்களத்தின் மேட்டில், குடைக்குள், எல்லோருக்கும் தெரியும்படி, மகளைச் சுமந்துகொண்டு என் மனைவியும் வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன். எப்போது வந்தாள் என்று தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. மழையின்மேல், துரையின்மேல், முன்னே நின்ற அந்தப் பெண்ணின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இருநூறு பேருக்கு முன்னால் ஒருமுறைகூடக் கையாலாகாமல் நின்றறியாத என்மேல். அந்தக் கோபத்தோடேதான் பேசினேன். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. மேடைத் தமிழும் வரவில்லை.

"ஸ்டோர்ல இடமில்லைன்னா என் வீட்டுல இருக்கு. அந்தப் பெட்டியை இப்பவே நான் தூக்கிட்டுப் போயி எங்க அடுப்புக்குப் பக்கத்துல வைக்கிறேன். நாளைக்குப் பெரட்டுக்கு வரும்போது பிள்ளையை என் வீட்டுல விட்டுட்டு வா. மழை விடுற வரைக்கும், விட்ட பிறகும், அது அங்கதான் இருக்கும். எங்க கூடையில முதல்ல உன் பிள்ளை துணி காயும். அது காஞ்ச பிறகுதான் என் பிள்ளை துணி."